கீழே கிடந்த பழம்

கோயம்பேடு பழ மார்க்கெட்டில் ஒரு மண்டிக்காரர், மூன்றாவது வாரமும் நான் போய் நின்றதும் கேட்டார். "தம்பிக்கு ஜூஸ் கடை எந்த ஏரியாவுல?" கடையெல்லாம் இல்லண்ணே, வீட்டுக்குத்தான் என்றேன். "வீட்டுல எத்தன பேரு?" "நான் மட்டும்தான் சாப்பிடுவேன்." பைக்கின் பின்னால் கட்டியிருந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்டதில்லை.

எட்டு மாதம் பழம் மட்டும் சாப்பிட்டேன். பழம், தேங்காய், நிலக்கடலை, கொஞ்சம் பாதாம். சோறு, பருப்பு, பால், கீரை, கிழங்கு எதுவும் கிடையாது. அடுப்பில் ஏறிய எதுவும் கிடையாது. ஆபீசில் எல்லோரும் உடம்பைக் குறைக்கிறேன் என்று நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன், ஏனென்றால் உண்மைக் காரணத்தை கேன்டீனில் நின்று சொல்ல முடியாது. யாரையும் எதையும் கொல்லாமல், யாரிடமிருந்தும் பிடுங்காமல் சாப்பிட முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன். இதைச் சொன்னால் அடுத்த நாள் நமக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும்.

ஆரம்பம் ஒரு கன்றுக்குட்டி. வந்தவாசிப் பக்கம் அம்மாவின் ஊர். அங்கே பால்காரர் வீட்டுத் தொழுவத்தில் ஒரு நாள் அதிகாலை நின்றிருந்தேன். பசுவின் முன்னால் நிறுத்தியிருந்த கன்றை, அரை இருட்டில், முதலில் உயிருள்ளது என்றுதான் நினைத்தேன். செத்துப்போன கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தைத்து வைத்திருந்தார்கள். பசு அதை நக்கியது. பால் சுரந்தது. பால்காரர் கெட்டவர் இல்லை. கன்று நோயில் செத்தது, அவருக்குப் பால் ஊற்றியாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பசு நக்கிய இடத்தில் மட்டும் முடி தேய்ந்து தோல் பளபளவென்று இருந்தது. அன்று காலை எனக்குக் கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை.

பாலை விட்டால் அதோடு நிற்குமா? கீரையைப் பிடுங்கினால் செடி போய்விடுகிறது. கிழங்கைத் தோண்டினாலும் அப்படித்தான். யோசித்துக்கொண்டே போனால் பழம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. மரம் தானே விரும்பிச் செய்வது. தின்றுவிட்டு விதையை எங்கேயாவது போடு என்று நிறமும் வாசனையும் சர்க்கரையும் சேர்த்து நீட்டுவது. உலகத்தில் நம்மைத் தின்னச் சொல்லி அழைக்கும் உணவு அது மட்டும்தான் என்று தோன்றியது.

இந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் அதே ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு நயினார் தாத்தா. அந்த வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்களை நயினார் என்பார்கள். தாத்தா ஓய்வுபெற்ற வாத்தியார், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். சமணத்தில் வழிவழியாகச் சொல்லும் ஆறு பேர் கதையைச் சொன்னார். ஆறு பேர் பசியோடு ஒரு நாவல் மரத்தடிக்கு வருகிறார்கள். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்கலாம் என்கிறான். இரண்டாமவன் பெரிய கிளையை வெட்டினால் போதும் என்கிறான். அடுத்தவனுக்குச் சின்னக் கிளை போதும், அடுத்தவனுக்குக் கொத்து, ஐந்தாமவனுக்குப் பழுத்த பழம் மட்டும். ஆறாமவன், "கீழேயே நிறைய கிடக்கே" என்கிறான். ஆறு பேரின் மனதுக்கும் ஆறு நிறம். இதற்கு லேசியை என்று பெயர். முதலாமவனுடையது கறுப்பு, கடைசி ஆளுடையது வெள்ளை. நான் அந்த ஆறாவது ஆளாக ஆக முடிவு செய்தேன். நாவல் மரம், கீழே கிடக்கும் பழம் என்றதும் உங்களுக்கு ஔவையும் முருகனும் ஞாபகம் வந்திருப்பார்கள். எனக்கும் வந்தார்கள். அந்தக் கதையில் பழத்தைப் பொறுக்கப்போனவர்தான் அசடு வழிகிறார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முன்னோடி தேடியபோது காந்தி கிடைத்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தமிழர்களின் குடும்பங்களும் அங்கே இருந்தன. ஆரஞ்சும் பிளம்ஸும் ஆப்ரிகாட்டும் காய்த்துக் கொட்டிய இடம். 1912இல் அங்கே காந்தியும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். கல்கத்தாவில் மாட்டுக்காரர்கள் பசுவிடம் கடைசிச் சொட்டையும் கறக்கச் செய்யும் சித்திரவதையைப் பற்றிப் படித்தது அதற்கு ஒரு காரணம். ஒரு வைக்கோல் கன்றும் அதில் இருந்திருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகு முழுப் பழ உணவு. அதுவும் ஏழைக்குக் கிடைக்கிற மலிவான பழமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். சமையல் வேலையே கிட்டத்தட்ட ஒழிந்தது என்று சத்தியசோதனையில் மகிழ்ச்சியாக எழுதுகிறார்.

நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். முதல் இரண்டு மாதம் உடம்பு காற்று மாதிரி இருந்தது. ஆறு கிலோ குறைந்தேன். காலையில் தானாக விழிப்பு வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் பழ உணவு சாப்பிட்டால் உடம்பு நாறாது என்று நம்பிக் குளிக்காமல் வேலைக்குப் போன கதையை ஐசக்ஸன் எழுதியிருக்கிறார். நான் குளித்தேன், அந்த அளவுக்கு முற்றவில்லை. முற்றியது வேறு ஒன்று. எதிர் சீட்டில் ஒருவர் தயிர் சாதத்தைத் திறந்தால் நான் அவரைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரே உட்காருவதை நிறுத்திவிட்டாள். சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டாள். அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. கவனித்தபோது பல வாரம் ஆகியிருந்தது.

ஆறாவது மாதம் கால் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஏழாவது மாதம் படியிறங்கும்போது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தசோகை இல்லை, சர்க்கரை சரி, பி12 மட்டும் அதலபாதாளத்தில். நான் அவரிடம் வாதாடினேன். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்குமே, எட்டு மாதத்தில் எப்படித் தீரும்? அவர் சிரித்தார். "எட்டு மாசத்துல தீரல சார். நீங்க பொறந்ததுலேர்ந்து சைவம். பானையில ஏற்கெனவே அடியிலதான் இருந்திருக்கும். நீங்க கவுத்துட்டீங்க."

இதை எங்கள் தொழிலில் எல்லோரும் பார்த்திருப்போம். டேட்டாபேஸ் செத்துப்போயிருக்கும், ஆனால் கேஷிலிருந்து பதில் வந்துகொண்டே இருக்கும். டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. உடம்பிலும் அதேதான். பி12 ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். கல்லீரல் மில்லிகிராம் கணக்கில் சேர்த்து வைக்கும். வரவு நின்றுபோனதே நெடுநாளைக்குத் தெரியாது. அதற்கு மேல் ஒரு வேடிக்கை. ஆரஞ்சிலும் பப்பாளியிலும் ஃபோலேட் இருக்கிறது. ஃபோலேட் தாராளமாக இருந்தால் பி12 குறைவால் வரவேண்டிய ரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். அலாரத்தை அணைத்துவிட்டுத்தான் பழம் வீட்டுக்குள் வருகிறது.

மற்ற கணக்கையும் அன்றைக்குத்தான் போட்டேன். எட்டு மாதம் முன்னால் போட்டிருக்க வேண்டியது, எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 89 கலோரி, 1.1 கிராம் புரதம், 5 மில்லிகிராம் கால்சியம். 2,000 கலோரிக்கு இரண்டேகால் கிலோ தின்ன வேண்டும். புரதம் 25 கிராம் தேறும். 65 கிலோ ஆளுக்கு ஐசிஎம்ஆர் சொல்வது 54 கிராம். கால்சியம் 1,000 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் 110 சொச்சம். கடலையும் பாதாமும் புரதத்தை ஓரளவு தூக்கிவிடும். பி12ஐ எந்தப் பழமும் எந்தக் கொட்டையும் தராது. வளரும் குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ இதைப் பரிந்துரைப்பவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். பழம் நல்லது, பழம் மட்டும் என்பது நல்லதல்ல. ஆரோக்கியக் கேள்வியைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் பானை. முதல் ஆறு மாதம் காற்று மாதிரி நடந்தேனே, அது எதில் ஓடியது? முப்பது வருடம் அம்மா ஊற்றிய மோரில். நான் யாருக்கும் கடன்படாமல் வாழ்கிறேன் என்று தயிர் சாதக்காரரை முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், என் நரம்புகள் பழைய பசுக்களின் பாலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. என் வெள்ளை மனசுக்கு ஸ்பான்சர் அவை.

சரி, உடம்பு தோற்றது, அறமாவது நிற்கிறதா என்று பார்த்தேன். தைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு வாழைத்தார் முற்றியிருந்தது. மாமா கத்தியை என்னிடம் கொடுத்து, "நீதானேடா பழம் திங்கறவன், வெட்டு" என்றார். தாரை மட்டும் வெட்டினேன். அவர், "மரத்தையும் சாய்டா, இனிமே அது எதுக்கு?" என்றார். அப்போதுதான் உறைத்தது. வாழை ஒரு முறைதான் தார் போடும். அதோடு அதன் கதை முடிந்தது, வெட்டிவிட்டுப் பக்கக் கன்றை விடுவார்கள். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அதற்குள் இந்த வெட்டும் இருக்கிறது. விதையைப் பரப்பச் சொல்லி நீட்டும் பழம் என்ற என் வாதமும் அங்கேயே விழுந்தது. நாம் தின்னும் வாழைக்கு விதையே கிடையாது. பழத்தைத் தின்று அதற்கு நான் செய்த உதவி ஒன்றுமில்லை. விதையுள்ள பழத்துக்கு மட்டும் என்ன செய்தேன்? ஃபிளாட்டில் கொட்டையைக் குப்பைக்கூடையிலும் மிச்சத்தைச் சாக்கடையிலும் போட்டேன்.

அடுத்து மல்லாட்டை. எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். அதைப் பறிப்பது இல்லை, பிடுங்குவது; செடி வேரோடு வரும். ஆக காந்தியின் தட்டிலும் என் தட்டிலும் பசியை ஆற்றிய இரண்டு முக்கிய உணவுகளுமே செடியின் உயிரோடு முடிபவை. நான் பாவம் என்று ஒதுக்கிய நெல்லோ, கதிர் முற்றும்போது தானே பழுத்துக் காயத் தொடங்குகிறது. நெல்லுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அறுக்கிற வயலில் எலியும் நண்டும் பூச்சியும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் கோயம்பேட்டுக்கு லாரியில் வந்து, குளிர் அறையில் கிடந்து, எத்திலீன் வாயுவில் பழுத்து, பாதி அழுகிக் குப்பையில் விழும் என் பெட்டிப் பழத்தைவிட, வருடம் முழுக்க மூட்டையில் கெடாமல் கிடக்கும் அரிசி எந்த விதத்தில் அதிகக் குற்றவாளி? மாதம் பதினாலாயிரம் ரூபாய் பழத்துக்குச் செலவழித்தேன். ஏழையின் உணவு என்ற காந்தியின் நிபந்தனையில் முதல் வாரமே தோற்றிருக்கிறேன். உலகம் முழுக்க இப்படித் தின்னலாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. மூட்டை தூக்கும் அண்ணன் இப்படித் தின்றால் மத்தியானம் தாண்ட மாட்டார்.

காந்தி என்ன ஆனார்? 1914இல் லண்டனில் நுரையீரல் உறை அழற்சியோடு படுத்தபோது கோகலே தொடங்கி டாக்டர்கள் வரை பழ உணவை விடச் சொன்னார்கள். மறுத்தார். 1918இல் கேடாவில் சுற்றிவிட்டு வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். சாவின் பக்கம் போய் வந்தார். டாக்டர் பால் குடித்தே தீர வேண்டும் என்றபோது விரதத்தைச் சொன்னார். பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தான். குடித்தார். ரவுலட் சட்டத்தை எதிர்க்க உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம், விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி ஆன்மாவைக் கொன்றேன் என்ற பொருளில் அவரே எழுதுகிறார். அந்த உறுத்தலை அவர் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. எனக்கு பண்ணையில் பழம் தின்ற காந்தியைவிட இந்தக் கட்டில் காந்தியைத்தான் இப்போது பிடிக்கிறது.

தோல்வியை ஒப்புக்கொள்ள நயினார் தாத்தாவிடம் போனேன். ஆறாவது ஆளாக ஆக முடியவில்லை என்றேன். "அவன் கீழ கெடந்த பழத்த எடுத்தானே, அதுல எறும்பு இருந்திருக்காதாப்பா?" என்றார். கதையைச் சொன்னவரே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? "அது எதத் திங்கறதுன்னு சொல்ற கத இல்ல. மனசு எப்படி இருக்குன்னு சொல்ற கத. இன்னொண்ணு, வெள்ளையோட முடியறதில்ல. சித்தருக்கு லேசியையே கெடையாது. வெள்ளையும் ஒரு சாயம்தானே." மணி ஐந்தரை. சாப்பிட எழுந்து போய்விட்டார்.

இப்போது சோறு, சாம்பார், கீரை எல்லாம் சாப்பிடுகிறேன். பால் மட்டும் இன்னும் இறங்கவில்லை, அந்தத் தேய்ந்த தோல் கண்ணில் நிற்கிறது. பி12 மாத்திரையில் வருகிறது. அதைப் பசுவும் செய்வதில்லை, செடியும் செய்வதில்லை. பாக்டீரியா மட்டும்தான் செய்யும். மாட்டின் வயிற்றிலும் பாக்டீரியாதான், மாத்திரைக் கம்பெனியின் தொட்டியிலும் பாக்டீரியாதான். பாலுக்கு மாற்றாக ஒரு தாவர உணவைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர்களையும் வைத்தியர்களையும் கேட்டுக்கொண்டே இருந்தார் காந்தி. பி12ஐப் பிரித்தெடுத்த செய்தி வெளிவந்தது 1948இல், அவர் செத்து மூன்று மாதத்துக்குள். அவரைப் படுக்கையில் தள்ளியது பி12 குறைவு என்று சொல்லவில்லை, அது வயிற்றுக்கடுப்பு. ஆனாலும் அந்த வருடத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

அம்மா மறுபடி எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஒரு நாள், அவள் மோர் ஊற்றிப் பிசையும்போது, வைக்கோல் கன்றைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னேன். அதுதான் காரணம் என்றேன்.

"தெரியும்டா. சின்ன வயசுல நானே அதப் பாத்துட்டு ரெண்டு வருஷம் பால் குடிக்கல."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, நீ பொறந்த" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.