கடைவீதியும் கள்ளாமை நோன்பும்

நம் ஊர்களில் சைக்கிள் கடை என்பது வெறும் விற்பனைக் கூடம் அன்று. பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தட்டும், காற்றடிக்கப் பம்பும், சக்கரத்தின் கோட்டம் எடுக்கும் கைத்திறனும் உள்ள பணிமனை அது. ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகை வண்டியும் அங்கேதான் கிடைத்தது. 2012 ஜனவரியில், ஒரே வணிகப்பெயர்ப் பொருள்களை விற்கும் சில்லறைக் கடைகளில் முழு அயல்நாட்டு முதலீட்டை நடுவண் அரசு அனுமதித்தது. அதன்பின் விளையாட்டுப் பொருள்களோடு மிதிவண்டியும் விற்கும் பெருங்கடைகள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் கிளை பரப்பின. இதில் இல்லறத்தாராகிய நமக்கு அறச்சிக்கல் ஏதும் உண்டா?

குறைந்த விலைக்கு விற்பது குற்றமன்று, வாங்குவதும் குற்றமன்று. மொத்தமாகக் கொள்முதல் செய்பவர் விலை குறைத்தல் வணிகத்தின் இயல்பு.

ஆயினும் ஒரு வழக்கம் சிந்தனைக்குரியது. பெருங்கடையில் வாங்குவதென முடிவு செய்துவிட்ட ஒருவர் தெருக்கோடிக் கடைக்குச் செல்கிறார். தம் மகனின் உயரத்திற்கு எந்த அளவு வண்டி பொருந்தும், கியர் தேவையா என அரைமணி நேரம் கேட்டறிகிறார், ஓட்டியும் பார்க்கிறார். பின்னர் பெருங்கடையில் வாங்குகிறார். மறுவாரம் பிரேக் பிடிக்கவில்லை என்று பழைய கடைக்கே வருகிறார்; கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்.

கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் இலக்கணம். கடைக்காரர் மனமுவந்து கூறியதைக் கேட்பது களவாகுமா என வினவலாம். அவர் தம் நேரத்தையும் அனுபவத்தையும் தந்தது, எதிரில் நிற்பவர் வாங்க வந்தவர் என்ற நம்பிக்கையால் அன்றோ? உண்மை அறிந்திருந்தால் தந்திருப்பாரோ, அறியோம். எங்கு வாங்குவதென ஐயத்தோடு சென்றவருக்கு இக்குற்றம் இல்லை. முடிவை மறைத்துச் சென்றவருக்கு நோன்பில் மாசு உண்டு.

சிறு கடைக்காரருக்கும் இந்நோன்பு பொதுவே. கலப்படத்தையும் குறைந்த அளவையையும் கள்ளாமையின் குற்றங்களாக நம் சாவக ஒழுக்க நூல்கள் விலக்குகின்றன. போலி உதிரிப்பாகத்தைக் கம்பெனிச் சாமான் என்று மாட்டிவிடுபவர், பெருங்கடையை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை.

எங்கு வாங்கினும் வாங்குக. ஆலோசனை வேண்டின் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். பழுது பார்த்தவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாது கொடுங்கள். பேரேட்டில் ஏறாத கடனும் வினைக்கணக்கில் ஏறும்.