தொட்டுக்கொள்ளும் காய்

இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருக்கிறது என்று வைத்தியர் எச்சரித்த அன்றே, எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, தாளிதமில்லாத குழம்பையும் வெறுமனே அவித்த காய்களையும் ஆறு மாத காலம் ஒரு விரதம்போல் உண்டுவந்தேன். மறுபடியும் பரிசோதித்தபோது, ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு குறையாததோடு சற்று ஏறியும் இருந்தது. வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. "எண்ணெயை எடுத்துவிட்டீர்கள், சரி, அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

விடை என் இலையிலேயே இருந்தது. ருசி குன்றிய காய் நாளுக்கு நாள் குறைய, பசியாற்றுவதற்காகச் சோறு ஒரு பிடி, இரு பிடியென்று வளர்ந்திருந்தது. தேகத்தின் தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாகவே மாற்றிவிடும் என்பதை அறியாமல், வாசல் வழியே அனுப்பியதைக் கொல்லை வழியே நானே அழைத்துவந்திருக்கிறேன்.

கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தருகையில் மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரியே தருவதால், எண்ணெயில் சிக்கனம் அவசியந்தான். ஆயினும் முருங்கைக்கீரையின் கரோட்டீனைத் தேகம் ஏற்பதற்குச் சிறிது எண்ணெய் துணை வேண்டும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவான லைசினைப் பருப்பும், பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசியும் ஈடுசெய்கின்றன. ஒவ்வொரு பதார்த்தமும் மற்றொன்றின் குறையை நிரப்புவதைக் காணும்போது, ஒன்றைப் பகையென்று தள்ளுவதைவிட, எல்லாவற்றுக்கும் உரிய பிரமாணத்தை அறிவதே ஆகார நியமம் என்பது தெளிவாகிறது.

அந்தப் பிரமாணந்தான் என்ன? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், கீரையும் காய்களும் 400 கிராம், எண்ணெய் முதலிய கொழுப்பு 27 கிராம் என்று வகுக்கிறது. நாமோ சோற்றை நடுவில் குவித்து, கூட்டையும் பொரியலையும் ஊறுகாய்க்கு அடுத்தபடியாக ஓரத்தில் வைத்து, அவற்றிற்குத் 'தொட்டுக்கொள்ள' என்று பெயரும் சூட்டியிருக்கிறோம். தேகத்திற்கு அதிகம் வேண்டியதைத் தொடுவதோடு நிறுத்திக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

இப்பொழுது என் வீட்டில் கடுகு மீண்டும் வெடிக்கிறது. எண்ணெய் கரண்டியால் அளந்து ஊற்றப்படுகிறது. கீரையும் பருப்பும் தாராளமாக விழுந்த பிறகே சோறு வருகிறது. வாசகர்களே, உங்கள் இலையிலிருந்து எதையேனும் நீக்குமுன், அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.