கனத்த கிதாரும் ஒரு கடனும்

2002-ல் போர்க்குபைன் ட்ரீயின் ‘இன் அப்சென்ஷியா’ வந்தபோது பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மிதக்கும் கீபோர்டும் நீண்டு ஒலிக்கும் கிதாருமாக இருந்த குழு மெட்டல் ரிஃப் வாசிக்கிறது. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேறு. ‘வித்துட்டாங்கப்பா!’ இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான் ஸ்டீவன் வில்சன் ஓபெத்தின் ‘பிளாக்வாட்டர் பார்க்’கைத் தயாரித்திருந்தார். கனம் எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 2011-ல் அதே ஓபெத் ‘ஹெரிடேஜ்’ ஆல்பத்தில் உறுமல் குரலைக் கைவிட்டபோதும் கோபம் வந்தது. கூடினாலும் துரோகம், குறைஞ்சாலும் துரோகம்.

கலைஞன் நமக்கு ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? மென்பொருளில் நான் ஒரு ஏபிஐ-யை மாற்றினால் அதை நம்பியவரின் நிரல் உடையும். அவர் திட்டுவது நியாயம். ஆல்பம் அப்படியல்ல. ‘லைட்பல்ப் சன்’ அலமாரியில் அப்படியேதான் இருக்கு.

ஆனாலும் அந்த வருத்தம் பொய் இல்லை. இதே மாதிரி இன்னும் நாலு ஆல்பம் வரும்னு மனசுல போட்ட கணக்கு போயிடுச்சு. வருத்தப்பட உரிமை உண்டு. ‘வித்துட்டாங்க’ என்பது வேறு: அது அடுத்தவர் நோக்கத்தைத் தெரிந்ததாகச் சொல்லும் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். டிஸ்டார்ஷன் ஆதாரம் ஆகாது.

போகட்டும், முதல் பாட்டின் ரிஃபிலேயே நிறுத்தியவர்களுக்கு அடுத்து வரும் ‘ட்ரெய்ன்ஸ்’ கிடைத்திருக்காது. அது அக்கூஸ்டிக் கிதாரில்தான் தொடங்குகிறது.