முடைக்கு விற்ற பதக்கம்

1980 பெப்ரவரியில், லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில், பல்கலைக்கழக வயதுப் பிள்ளைகள் நிறைந்த அமெரிக்க ஐஸ் ஹொக்கி அணி, அசைக்கமுடியாதது என்று பேர்போன சோவியத் அணியை 4-3 என்று வென்றது. இரண்டு நாள் கழித்துப் பின்லாந்தையும் வீழ்த்தித் தங்கம் எடுத்தது. அந்த அணியில் ஆடியவர் மார்க் வெல்ஸ். பிற்காலத்தில் முதுகெலும்பு நோய் அவரைப் படுக்கையில் போட்டது. வைத்தியச் செலவுக்கு வழியில்லாமல் பதக்கத்தை ஒரு சேகரிப்பாளருக்கு விற்றார். வாங்கியவர் 2010இல் அதை ஏலத்துக்கு விட, 310,700 டொலர் கிடைத்தது.

பனி பெய்யாத இலங்கையின் கல்முனைக் கரைக்கும் இது அந்நியக் கதையில்லை. இலங்கை கண்ட ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே: 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திக்கா ஜயசிங்க. அந்தச் சுசந்திக்காவே காசு நெருக்கடியில் பதக்கத்தை விற்கப்போவதாக ஒருமுறை பகிரங்கமாகச் சொன்னார். நாட்டின் மானத்தை விற்கலாமா என்று கேட்பது எளிது. ஆனால் வென்ற அன்று அந்தப் பெருமையில் பங்கு கேட்டவர்கள், நோயிலும் கடனிலும் பங்கெடுக்காமல் விற்றவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. உயிரைக் காப்பது கடமை. பதக்கத்தைக் காப்பது கடமையல்ல.

கேள்வி வாங்குபவரைப் பற்றியது. நெருக்கடிக்கு உள்ளானவரின் விற்பனையைப் பற்றி இஸ்லாமிய மார்க்கச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். கடனாலோ கஷ்டத்தாலோ ஒருவர் பொருளை விற்க வந்தால், வியாபாரம் செல்லும். ஆனாலும் அவருக்கு உதவுவதும், கடன் கொடுப்பதும், வசதி வரும்வரை தவணை கொடுப்பதுமே மார்க்கத்துக்கும் மனிதத்தன்மைக்கும் பொருத்தம் என்பது அவர்களில் ஒருவரான இமாம் கத்தாபியின் விளக்கம். ஊரில் கைமாற்றுக் கொடுப்பவர்கள் இதைக் கிதாபு படிக்காமலே செய்கிறார்கள்.

வாங்கியவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. யாரும் கை கொடுக்காத நேரத்தில் காசு தந்தவர் அவர்தான். அவரும் இல்லையென்றால் வைத்தியச் செலவு அப்படியே நின்றிருக்கும். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனாலும் விற்பனையாவது என்ன? நகையைப் போல நிறுத்து விலை போடும் பண்டமல்ல இது. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி. மேலே தங்க முலாம். உலோகத்துக்கு யாரும் மூன்று இலட்சம் டொலர் கொடுப்பதில்லை. ஒரு மனிதனின் உழைப்புக்கும் பெயருக்கும்தான் அந்த விலை. அந்தப் பெயர் கை மாறவில்லை, வெல்ஸிடமே இருந்தது. அதன் மதிப்பு ஏறியதால் வந்த இலாபம் முழுவதும் வாங்கியவருக்கே உரியது என்றால் மனம் ஒப்பவில்லை.

ஓவியர்கள் விஷயத்தில் இதே உறுத்தலைப் பிரான்ஸ் சட்டமாக்கி நூறு வருடம் கடந்துவிட்டது: 1920 முதல், ஓவியம் மறுபடி விலை போகும்போது வரைந்தவருக்கும் ஒரு பங்கு சேரும். விளையாட்டு வீரர்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், இறைவனுக்குப் பயந்த ஒரு சேகரிப்பாளர் அந்தப் பங்கைத் தானாகவே கொண்டுபோய்க் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.