ஆவி போற பக்கம்

வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லில் கொட்டினார்கள். கீரையும் பாகற்காயும் கூடவே வந்தன. மேளச் சத்தத்துக்கு நடுவே வெள்ளையாக ஆவி எழுந்து கருவறைப் பக்கம் சுருண்டு போனது. ஆவுடையார்கோவிலில் சுவாமிக்கு நைவேத்தியம் அந்த ஆவிதான். உள்ளே லிங்கத்தின் பீடமான ஆவுடை மட்டும் இருக்கிறது. மேலே பாணம் இல்லை. எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்மன் யோகாம்பாளுக்கும் திருவடி மட்டுமே. உருவமற்றவனுக்கு உருவமற்ற அமுது! நீராவியும் ஆவி, உயிரும் ஆவி. உயிருக்கு நாதன்தானே ஆத்மநாதன்? நின்ற இடத்திலேயே எனக்குக் கால் துவண்டது.

கல்லும் ஆவியும் இப்படிக் கூடிய இன்னோர் இடத்தையும் பார்த்திருக்கிறேன். லடாக்கில் பூகா பள்ளத்தாக்கு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். வெந்நீர் குபுகுபுவென்று கிளம்பி ஓடுகிற தடமெல்லாம் வெண்காரமும் கந்தகமும் பூத்திருக்கும். கூடவே டிராவர்டைன் என்கிற சுண்ணாம்புக் கல், ஏடு ஏடாக.

அது தண்ணீரில் பிறக்கிற கல். பூமிக்குள் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட நீர் லேசாகப் புளிப்பேறுகிறது. சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. கால்சியமும் பைகார்பனேட்டுமாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் நீரோடு மேலே வருகிறது கல். ஆழத்து அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த வாயு, வெளியே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கி ஓடிவிடும். புளிப்பு குறையக் குறைய, கரைந்த கல்லை நீரால் தாங்க முடியாது. கால்சியம் கார்பனேட்டைப் படியவிட்டுவிடும். கொதிக்கும் ஊற்றுக்கண் அருகே பெரும்பாலும் ஊசி ஊசியாக அரகோனைட், ஆறிய இடத்தில் கால்சைட். பொருள் ஒன்றுதான், படிகக் கட்டு வேறு. விளிம்பைத் தாண்டி நீர் மெல்லிசாக வழிகிற இடத்தில் வாயு இன்னும் வேகமாகப் பிரியும். விளிம்பு தடித்து, தொட்டி தொட்டியாக எழும்பும். துருக்கியின் பாமுக்கலேயில் வெண்படிகள் எழுந்தது இப்படித்தான். ரோமின் கொலோசியத்தைத் தாங்குவதும் இந்தக் கல்தான்.

பூகாவில் நான் கல்லைத்தான் குனிந்து குனிந்து பார்த்தேன். போன வாயுவை நினைக்கவேயில்லை. அது போகாவிட்டால் கல் ஏது? ஒவ்வோர் ஏடும் ஒரு பிரிவின் தழும்பு அல்லவா! பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர் வாதவூரர், இதே ஆவுடையார்கோவிலில் குருந்த மரத்தடியில் குருவாக வந்த இறைவனைக் கண்டார். குரு மறைந்தார், இவர் இங்கே விடப்பட்டார். அந்தத் தவிப்பு படிந்து படிந்து அல்லவா திருவாசகம் ஆயிற்று! அப்பனே, நீ போன இடத்தில்தானா எங்களுக்கு இவ்வளவு விளைந்தது? வெறும் ஆவுடை என்று எப்படிச் சொன்னேன்! கை தானாகத் தலைமேல் குவிந்தது.

பக்கத்தில் ஒரு பொடியன் எக்கி எக்கிப் பார்த்தான்.

"சாமி எங்க அப்பத்தா?"

அவள் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்தா, ஆவி போற பக்கம் பாருடா."

நானும் பார்த்தேன்.