வலுவிழந்தது என்ற சொல்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை மதியம். கொல்லிமலையிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். செம்மேட்டைத் தாண்டி அவருக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு. சில வருடங்களாக அவரிடம்தான் மிளகு வாங்குகிறேன்.

“தம்பி, புயல் போயிருச்சா?”

ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. செய்தியின் தலைப்பைப் பார்த்தேன். “வலுவிழந்துருச்சுண்ணே. இப்ப ஆழ்ந்த தாழ்வு மண்டலம்தான்” என்றேன்.

பறித்த காப்பிப் பழத்தை அவர் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். அப்படியே கிடந்தால் பழம் சூடேறிப் புளித்துவிடும். என் பேச்சை நம்பி, சாயங்காலம் களத்தில் பரப்பிவிட்டார். இரவு கொட்டிய மழையில் பாதிக்கு மேல் வீணாகிவிட்டது.

நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

புயல் என்பது என்ன? கடலின் மேல் காற்றழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி நாலாபக்கமிருந்தும் காற்று வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராகப் போய்ச் சேர முடிவதில்லை. நம் அரைக்கோளத்தில் வலப்புறமாக விலகி, மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக ஓடத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டில் இந்த விலக்கம் கிடையாது. கொல்லிமலை இருக்கும் 11 பாகை அட்சரேகையில் துருவத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சிறு முறுக்கு போதும். தூரியில் கயிற்றை முறுக்கிவிட்டுச் சுற்றும் பிள்ளை காலை மடக்கினால் வேகம் கூடுமே, அதுபோல மையத்தை நெருங்க நெருங்கக் காற்றின் சுழற்சி கூடுகிறது. நெருங்கிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே போனால் குளிர்கிறது, ஈரம் மழையாகிறது.

கரையேறியதும் வெதுவெதுப்பான கடல்நீர் கீழே இல்லை. தரை உரசுகிறது. காற்றின் வேகம் குறைகிறது. நம் வானிலைத் துறையின் வகைப்பாடு அந்த வேகத்தை வைத்துத்தான்: மணிக்கு 62 கிலோமீட்டரிலிருந்து புயல், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். ஆக, ‘வலுவிழந்தது’ என்பது காற்றைப் பற்றிய சொல். மழையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வேகம் குறைந்த சுழலும் வங்கக்கடலின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தரையின் உரசல் காற்றை இன்னும் மையத்தின் பக்கமாகத் திருப்பிவிடும். மெதுவாக நகர்ந்தால் ஒரே ஊரில் நின்று பெய்யும். வழியில் மலை இருந்தால் அதுவே காற்றை மேலே ஏற்றிவிடும். கொல்லிமலை சமவெளியிலிருந்து சட்டென்று ஆயிரம் மீட்டர் எழுந்து நிற்கிறது. வலுவிழந்த அந்த ஃபெஞ்சல்தான், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள்.

இது எதுவும் ரகசியம் இல்லை. மழை எச்சரிக்கை தனியாக வந்துகொண்டேதான் இருந்தது. நான் தலைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

கலைச்சொல்லைச் சரியாகச் சொன்னவன், கேட்டவர் அதை வேறாகப் புரிந்துகொண்டதற்கும் பொறுப்பா? மாட்டேன் என்றுதான் முதலில் எனக்குள் வாதாடினேன். எல்லோருடைய எல்லாப் புரிதலுக்கும் ஒருவன் பொறுப்பேற்க ஆரம்பித்தால் வாயே திறக்க முடியாது. என் வேலையிலும் இதே கதைதான். கோளாறின் தீவிரம் ‘குறைக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போவோம். திரையில் பச்சை எரியும். எங்கோ ஒருவருக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்காது.

வள்ளுவர் வாய்மையை வரையறுக்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. யாருக்கும் தீங்கில்லாத சொல் என்கிறார். பள்ளியில் படித்தபோது அது எனக்குச் சற்று நழுவலான வரையறையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அண்ணன் கேட்டது புயலின் வகைப்பாட்டை அல்ல, “பழத்தைப் பரப்பலாமா?” என்பதைத்தான். நான் அவர் கேட்காத கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னேன். ஒரு சொல் உண்மையா என்று பார்க்க, உலகத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. அது எந்தக் கேள்விக்குப் பதிலாகப் போய்ச் சேர்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, என்ன சொல்லியிருக்கலாம்? மழை வரும் என்று அடித்துச் சொல்லி, வராமல் போயிருந்தால் மூடிய பழம் புளித்திருக்கும். அந்த நஷ்டமும் அவருடையதுதான். “காத்து கொறஞ்சிருக்குண்ணே, மழை குறையும்னு யாரும் சொல்லல. பரப்புறதா இருந்தா கொஞ்சமா பரப்புங்க” என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவர் களத்தில் என்ன கிடக்கிறது என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அரை நிமிடம் ஆகியிருக்கும்.

பொங்கலுக்குப் பிறகு மலையேறியபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். “மழை பெஞ்சதுக்கு நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க?” என்றார்.

அவர் மன்னித்தது மழையை. என் சொல்லைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. மிளகை எடை போட்டுக்கொண்டே, “அடுத்த வாரம் வெயில் இருக்குமா?” என்று கேட்டார். “எதுக்குண்ணே, என்ன காயப்போடணும்?” என்றேன்.