கழிப்பதா, கொடுப்பதா?

பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் ஓர் அலமாரி மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. ஓவிய நூல்கள், பாதி தீர்ந்த வண்ணப் பெட்டி, தூரிகைகள், சில பக்கங்களே வரையப்பட்ட ஏடுகள். இவற்றை விற்று ஏழை மாணவரின் கல்விக்கு உதவலாம் என்று யாரேனும் கூறினால் நாம் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறோம். இடமும் மிஞ்சும்; நன்மையும் கிட்டும். இங்கேதான் நம் மனச்சான்று ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும்: நாம் செய்வது ஈகையா, வீட்டைச் சுத்தம் செய்வதா?

நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய இயலாது என்பது ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் தரும் கருத்து. அதைச் செவியுற்ற அபூதல்ஹா (ரலி) அவர்கள், தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தையே கொடுக்க முன்வந்தார்கள். பிறர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி நாம் வாங்கமாட்டாத மட்டப் பொருளைக் கொடுக்க நாடாதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் எச்சரிக்கிறது. முன்னது ஈகையின் சிகரம். பின்னது நாம் கீழிறங்கக் கூடாத எல்லை. பழையது என்பதனாலேயே ஒரு பொருள் மட்டமாகிவிடாது. பலமுறை புரட்டப்பட்ட நூல் நல்ல நூலே. காய்ந்த வண்ணக் குப்பியும் மயிர் உதிர்ந்த தூரிகையும் கொடைப் பொருள்கள் அல்ல, அவை கழிவுகள்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீர், 1895-இல் அணை எழுந்தபின் கிழக்கே திரும்பி இவ்வயல்களை நனைத்தது. ஓரிடத்தில் பயனின்றிப் போவதைத் தேவையுள்ள இடத்திற்குத் திருப்புவதே கொடை. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்களின் பெயரால் எழுந்த ஹவுதியா கல்லூரியும் அத்தகைய திருப்பமே. ஒருவர் ஈட்டிய செல்வம் ஊர்ப் பிள்ளைகளின் கல்வியாயிற்று.

இப்பகுதி ராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், வழக்கத்தில் உள்ள அசையும் பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என்பது இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. நூல்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. வக்ஃபில் மூலப்பொருள் நிலைத்திருக்க, அதன் பயன் வழங்கப்படும். விற்றுப் பணமாக்கிக் கொடுப்பதோ ஸதகா. எனவே, நம் கையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எது தக்க வழி என்று ஆராய்தல் வேண்டும்.

விடியுமுன் ஜீப்பேறிக் கேரள மலைகளின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாயின் மகள் ஒருத்தி, கரித்துண்டால் சுவரில் கோலமும் கொடியும் வரைந்துகொண்டிருப்பாளாயின், வண்ணப் பெட்டி அவளிடமே சேரவேண்டும். அதை விற்றுவரும் சிறுதொகையைவிட அப்பெட்டியே அவளுக்கு உதவும். விலையுயர்ந்த நூல்களை விற்று அவளுடைய அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திற்கு உதவலாம். 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் பழைய நூல்களுக்கென்றே ஒரு கடை திறந்து, வருவாயை அறப்பணிக்குச் செலவிட்டது. நம் ஊர்களிலும் இது இயலாததன்று.

தேவையும் பெருகியுள்ளது. 2022-இல், எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுபான்மை மாணவர்க்கு ஒன்றிய அரசு வழங்கிய கல்வி உதவித்தொகை நிறுத்தப்பட்டது. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் அவ்வாண்டே கைவிடப்பட்டது. அரசிடம் உரிமையைக் கேட்பது நம் கடமை. அது கிடைக்கும்வரை பிள்ளையின் படிப்பு நின்றுவிடாமல் காப்பதும் நம் கடமையே.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். மேடையில் மாணவனை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டால், கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்கியவர்களாவோம். வந்த தொகைக்கும் சென்ற தொகைக்கும் கணக்கு ஊரறிய இருக்கட்டும். வாங்கியவர் பெயரை அல்லாஹ் அறிந்தால் போதும்.

இன்று அலமாரியைத் திறப்போம். பிரிய மனம் வராத நூல் ஒன்றை முதலில் எடுத்து வைப்போம். கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தை வென்று கொடுப்பதே ஈகை. அத்தகைய மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக!